மென்பொருள் பேசும் தமிழ்

கற்றல் நோக்கங்கள்

• மென்பொருள் சார்ந்த கலைச்சொற்கள் தமிழில் உருவாகும் முறையை அறிதல்.
• அச்சொற்களைப் பிழையின்றி எழுதப் புணர்ச்சி இலக்கணம் துணைநிற்பதை உணர்தல்.
• பொருள் மயக்கம் தராத சொல்லைத் தேர்ந்தெடுக்கும் திறன் பெறுதல்.

நுழையும் முன்

கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் மொழியைத் தெரிவுசெய்யும் இடம் ஒன்று உண்டு. அங்கே ‘தமிழ்’ என்பதைத் தொட்டவுடன் திரையிலுள்ள சொற்கள் தமிழுக்கு மாறிவிடுகின்றன. இச்சொற்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. ஒவ்வொரு சொல்லையும் எவரோ ஒருவர் ஆராய்ந்து தேர்ந்தெடுத்துள்ளார். அவர் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டியும் தம் ஓய்வூதியக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வார். தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், அவர் மொழியை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிப் பேரக்குழந்தையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடுவார். மென்பொருளில் ஒரு மொழி வாழ்வதும் வாழாததும் இத்தகைய சிறு முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றன.

1. ஓர் எழுத்து மாறினால்

‘உறை’ என்பது மூடி வைக்கும் பொருளைக் குறிக்கும். தலையணை உறை, கடித உறை என்கிறோம். ‘உரை’ என்பது பேச்சையோ விளக்கத்தையோ குறிக்கும். சொற்பொழிவாளர் ஆற்றுவது உரை. கணினியில் பல கோப்புகளை உள்ளடக்கி வைக்கும் பகுதி ‘கோப்புறை’ ஆகும். இதனை இடையின ரகரம் இட்டுக் ‘கோப்புரை’ என்று எழுதினால், கோப்பைப் பற்றிய உரை என்று பொருள் மாறிவிடும்.

இந்தப் பிழையைக் காகிதத்தில் படிப்பவர் ஒருவாறு ஊகித்துத் திருத்திக்கொள்வார். கணினிக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் நிரலிடம் ‘கோப்புறை’ என்று கேட்டால், ‘கோப்புரை’ என்று எழுதப்பட்ட பக்கத்தை அது காட்டாது. பிழையாக எழுதப்பட்ட செய்தி, தேடுபவர் கைக்கு எட்டாத செய்தியாகிவிடுகிறது.

அவ்வாறே ‘கணினி’ என்னும் சொல்லும் பிழைக்கு இடம் தருகிறது. கணித்தல் என்னும் வினையை அடிப்படையாகக் கொண்ட இச்சொல்லில், முன்னே வருவது டண்ணகரமாகிய ‘ணி’. ஈற்றில் வருவது றன்னகரமாகிய ‘னி’. இரண்டு இடத்திலும் டண்ணகரமே இட்டுக் ‘கணிணி’ என்று எழுதுவது பிழை. இலங்கைத் தமிழர் இதனைக் ‘கணனி’ என்றும் வழங்குவர். அது பிழையன்று, அவர்கள் நாட்டு வழக்கு.

2. சொல் பிறக்கும் வழிகள்

புதிய பொருளுக்குப் பெயரிடும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. 1916 ஆம் ஆண்டிலேயே இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். இந்திய மொழிகள் அனைத்துக்கும் அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொற்களை வகுக்க 1961 இல் நடுவண் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. தமிழ்நாட்டில் அகரமுதலித் திட்ட இயக்ககம் ‘சொற்குவை’ என்னும் இணையத்தளத்தில் கலைச்சொற்களைத் தொகுத்து வருகிறது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் சொற்களை வெளிப்படையாக விவாதித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இவர்கள் அனைவரும் பின்பற்றும் வழிகளுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது வழி, பொருளின் செயலை நோக்கிப் பெயரிடுதல். கையால் நகர்த்தும் கருவிக்கு ஆங்கிலத்தார் அதன் வடிவத்தையும் வால்போன்ற கம்பியையும் கண்டு ‘எலி’ எனப் பொருள்படும் பெயரை வைத்தனர். தமிழில் அதனை ‘எலி’ என்று பெயர்க்கவில்லை. திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டுவதால் ‘சுட்டி’ என்றனர். கம்பியில்லாச் சுட்டி வந்த பின்னும் இப்பெயர் பொருந்தி நிற்கிறது. வினைப்பகுதியோடு இகர விகுதி சேர்த்துக் கருவிப் பெயர் ஆக்குவது இம்முறையின் சிறப்பு. உலாவு என்பதிலிருந்து உலாவி, திருத்து என்பதிலிருந்து திருத்தி, வருடு என்பதிலிருந்து வருடி ஆகியவை பிறந்தன. வருடுதல் மெல்லத் தடவுதல் ஆகும். தாளின்மீது ஒளி மெல்லத் தடவிச் சென்று படம் எடுக்கும் கருவிக்கு இதனினும் அழகிய பெயர் அமைவது அரிது.

இரண்டாவது வழி, இரு சொற்களைத் தொகையாக இணைத்தல். மென்மை, வன்மை என்னும் பண்புப் பெயர்கள் ஈறு கெட்டுப் பொருள் என்பதோடு சேர்ந்து மென்பொருள், வன்பொருள் ஆயின. இவை பண்புத்தொகைகள். தேடுபொறி, தொடுதிரை, விரிதாள், இயங்குதளம் ஆகியவை வினைத்தொகைகள். தொட்ட திரை, தொடுகின்ற திரை, தொடும் திரை என முக்காலத்துக்கும் விரிவதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது வழி, பழஞ்சொல்லுக்குப் புதுவாழ்வு தருதல். ‘நிரல்’ என்றால் வரிசை, ஒழுங்கு என்று பொருள். நிரல்நிறைப் பொருள்கோளை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். கணினி செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி வைப்பதால் அக்கட்டளைத் தொகுப்புக்கும் ‘நிரல்’ என்றே பெயராயிற்று. அந்நிரலில் நேரும் பிழைக்கு ‘வழு’ என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்று பொருள்படும் சொல்லை வழங்குகின்றனர். நாமோ இலக்கண நூல்களிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டோம். வழுவை நீக்குதல் ‘வழுநீக்கம்’ ஆகும்.

பிற மொழியினரும் இவ்வாறே முயன்றுள்ளனர். இந்தியிலும் மராத்தியிலும் கணினிக்குச் ‘சங்கணக்’ என்றும், கன்னடத்தில் ‘கணகயந்திர’ என்றும் சொற்கள் உள்ளன. பேச்சில் அங்கெல்லாம் ‘கம்ப்யூட்டர்’ என்பதே மிகுதி. பிரெஞ்சு மொழியினர் 1955 இல் ஒழுங்குபடுத்தும் கருவி என்னும் கருத்தமைந்த தனிச்சொல்லை உருவாக்கினர். அது மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. சொல்லை உருவாக்குவோர் சிலர். அதை வாழவைப்போர் அதைப் பயன்படுத்துவோரே.

3. புணர்ச்சி இலக்கணம் துணைநிற்றல்

கலைச்சொற்களில் நேரும் எழுத்துப்பிழைகளுள் பெரும்பாலானவை வல்லினம் மிகும் இடம், மிகா இடம் அறியாமையால் நேர்பவை. சில விதிகளை நினைவிற்கொண்டால் அவற்றைத் தவிர்க்கலாம்.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்பதைப் போலவே தேடுபொறி, தொடுதிரை, விரிதாள் என்று எழுத வேண்டும். ‘தேடுப்பொறி’ என்பது பிழை. ‘கணிப்பொறி’ என்னும் வடிவம் நூல்களில் நெடுநாள் வழங்கி வருகிறது. இதனை வினைத்தொகையாகக் கொள்வோர் ‘கணிபொறி’ என்றே எழுதுவர்.

வன்றொடர்க் குற்றியலுகரத்தை அடுத்து வல்லினம் மிகும். அச்சு + பொறி = அச்சுப்பொறி. தேடுபொறியில் மிகாத பகரம் அச்சுப்பொறியில் மிகுவது ஏன் என்பது இப்போது விளங்கும். முன்னதில் நிலைமொழி வினை, பின்னதில் பெயர்.

கடவு என்பது கடந்து செல்லும் வழி. கடவுக்கு உரிய சீட்டு கடவுச்சீட்டு. கடவுக்கு உரிய சொல் கடவுச்சொல். இரண்டிலும் சகரம் மிகுந்துள்ளது.

தனிக்குறிலை அடுத்த மெய், வருமொழி முதலில் உயிர் வந்தால் இரட்டிக்கும். மின் + அஞ்சல் = மின்னஞ்சல். வருமொழி முதலில் நகரம் வந்தால் அது னகரமாகத் திரியும். மின் + நூல் = மின்னூல். இரண்டிலும் ‘ன்ன’ என்றே தோன்றினும் புணர்ந்த முறை வேறு.

பண்புத்தொகையில் வருமொழி முதலெழுத்துக்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றுவது உண்டு. குறுமை + செய்தி = குறுஞ்செய்தி; குறுமை + தகடு = குறுந்தகடு. சகரத்துக்கு இனம் ஞகரம். தகரத்துக்கு இனம் நகரம்.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகை, இந்த இன எழுத்து உறவை அடிப்படையாகக் கொண்டது. அதில் நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால், நகரத்தின்மேல் புள்ளி தானே விழுந்து ‘ந்த’ என்று அமையும். ககரத்தை இருமுறை தட்டினால் ‘க்க’ ஆகும். இலக்கணம் அறிந்தவர் அமைத்த கருவி எழுதுபவரின் விரல்களுக்கு வேலையைக் குறைக்கிறது.

4. வழுவா, வழுவமைதியா?

இலக்கண முறைப்படி அமைவது வழாநிலை; முறை பிறழ்ந்தது வழு; பிறழ்ந்ததாயினும் தக்க காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. திணை, பால் முதலியவற்றுக்குச் சொல்லப்பட்ட இப்பாகுபாட்டைக் கலைச்சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

இணையம் + தளம் என்பது ‘இணையத்தளம்’ என்று புணரும். மரம் + கிளை மரக்கிளை ஆவதுபோல ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகும். ஆயினும் தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் அறிவிப்புகளிலும் ‘இணையதளம்’ என்னும் வடிவம் பரவலாக வழங்குகிறது. தேர்வில் எழுதும்போதும் நூல் எழுதும்போதும் இலக்கணம் பொருந்திய ‘இணையத்தளம்’ என்பதையே எழுதுங்கள். மற்றொன்றை எழுதுபவரை ஏளனம் செய்யாதீர்கள். அதனால் பொருள் சிறிதும் மாறவில்லை.

வன் + தட்டு என்பது இலக்கணப்படி ‘வன்றட்டு’ என்றாகும். வன்றொடர், மென்றொடர் என்று நாம் எழுதுவதும் இவ்விதியாலேயே. ஆனால் ‘வன்றட்டு’ என்று திரையில் கண்டால் அது தட்டு என்பதை எத்தனை பேர் உடனே உணர்வர்? ஆகவே புணர்த்தாமல் ‘வன்தட்டு’ என்றே எழுதுகின்றனர். விரைந்து படிக்கப்பட வேண்டிய இடத்தில் தெளிவு கருதி இதனை ஏற்கலாம்.

‘கோப்புரை’யை இவ்வாறு ஏற்க முடியாது. அது பொருளையே மாற்றிவிடுகிறது. பொருள் மாறினால் வழு. பொருள் மாறாமல் பயன்படுத்துவோர்க்கு எளிமை கூடினால் அமைதி கொள்ளலாம். இவ்வளவுகோல் ஐயம் எழும் பல இடங்களில் உங்களுக்கு உதவும்.

5. பொருள் மயக்கம் தவிர்த்தல்

நல்ல கலைச்சொல் ஒரு பொருளை மட்டுமே சுட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் சொல்லுக்கு விலையில்லாதது என்றும் பொருள் உண்டு. விடுதலை உடையது என்றும் பொருள் உண்டு. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பிறர்க்கு அளிக்கவும் உரிமை தரும் மென்பொருளை அம்மொழியினர் அச்சொல்லால் குறித்து, ‘விலையைச் சொல்லவில்லை, உரிமையைச் சொல்கிறோம்’ என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியுள்ளது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. விலையற்றது ‘இலவச மென்பொருள்’. உரிமைத் தடையற்றது ‘கட்டற்ற மென்பொருள்’. மூலச்சொல்லில் உள்ள குறையையும் மொழிபெயர்ப்பு நீக்கிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

மாறாக, தமிழில் ஒரே சொல் பல பொருளுக்குப் போவதும் உண்டு. கணினியின் மூளைபோல் இயங்கும் உறுப்பு ‘நுண்செயலி’. கைப்பேசியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள் ‘செயலி’. கடிதம், கட்டுரை எழுத உதவுவது ‘சொற்செயலி’. முன்னொட்டு இல்லாமல் ‘செயலியின் வேகம்’ என்று எழுதினால் எதனைக் குறிக்கிறோம் என்பது விளங்காது. இத்தகைய இடத்தில் முழுப்பெயரையும் எழுதுவதே தக்கது.

‘பயனாளி’ என்பது நலத்திட்டத்தால் பயன் பெறுபவரைக் குறித்துவிட்டது. ஆகவே மென்பொருளைப் பயன்படுத்துபவரைப் ‘பயனர்’ என்று வேறுபடுத்துகிறோம். வழக்கில் ஏற்கெனவே ஊன்றிய பொருளை அறியாமல் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் குழப்பமே மிஞ்சும்.

வெட்டு, நீக்கு, அழி என்னும் மூன்றும் பேச்சில் நெருங்கிய பொருளுடையன. திரையில் அவை நெருங்கியவை அல்ல. ‘வெட்டு’ என்றால் ஒரு பகுதியை எடுத்து வேறிடத்தில் ஒட்டுவதற்காக வைத்திருத்தல். ‘நீக்கு’ என்பது பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதாக இருக்கலாம். கோப்பு வேறோர் இடத்தில் இருக்கும். ‘அழி’ என்றால் மீண்டும் கிடைக்காமல் போகலாம். ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் இந்த மூன்று சொற்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் ஆகாது. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வகுத்துக்கொண்டு, மென்பொருள் முழுவதும் அதனையே ஆள வேண்டும்.

6. யார் யாரிடம் பேசுகிறார்?

திரையிலுள்ள பொத்தானில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா? முன்னது மரியாதையற்றதாகத் தோன்றலாம். சற்றுச் சிந்தித்தால் விடை எளிது. பொத்தானை அழுத்துபவர் மனிதர். கட்டளையை ஏற்பது கணினி. மனிதர் கருவிக்கு இடும் ஆணை ஏவல் ஒருமையில் அமைவதே இயல்பு. ஆகவே திற, மூடு, சேமி, அச்சிடு, தேடு என்பவை பொருந்தும். இவை குறுகிய சொற்கள் ஆதலால் பொத்தானின் சிறிய இடத்திலும் அடங்கும்.

கணினி மனிதரிடம் பேசும்போது நிலை மாறுகிறது. ‘கடவுச்சொல்லை உள்ளிடு’ என்று கருவி மனிதரை ஏவுவது தமிழ் மரபுக்கு ஒவ்வாது. ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்றோ ‘உள்ளிடுக’ என்றோ அமைய வேண்டும். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்னும் இடவேறுபாட்டை அறிந்தால் வினைமுற்று தானே சரியாக அமையும்.

தன்வினை, பிறவினை வேறுபாடும் இங்கே இன்றியமையாதது. நிரல் தானே ‘இயங்கும்’; நாம் அதனை ‘இயக்குவோம்’. அமைப்பு ‘மாறும்’, நாம் அதனை ‘மாற்றுவோம்’. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல் வரும். எனவே பொத்தானில் ‘இயக்கு’ என்றும், நிலையைத் தெரிவிக்கும் வரியில் ‘இயங்குகிறது’ என்றும் நாமே பிரித்து எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் முன் பெரும்பாலும் தனித்தனிச் சொற்களின் பட்டியலே வைக்கப்படும். அவை திரையில் எங்கே வரும் என்பது தெரியாது. ‘ஓப்பன்’ என்னும் சொல் தனித்து வந்தால் அது ‘திற’ என்னும் கட்டளையா, ‘திறந்துள்ளது’ என்னும் நிலையா? இதனை ஆராயாமல் பெயர்ப்பதனால்தான் சில செயலிகளில் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் பெயரெச்சம் நின்று விழிக்கிறது.

7. உருபு ஒட்டும் இடர்

தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்போது பெயர் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். கடிதம் + ஐ = கடிதத்தை; வீடு + ஐ = வீட்டை; பூ + ஐ = பூவை. நாம் எண்ணாமலே இவற்றைச் சரியாகச் சொல்கிறோம். மென்பொருளோ முன்பே எழுதி வைத்த வாக்கியத்தின் நடுவில் ஒரு பெயரைச் செருகுகிறது. அப்பெயர் எதுவென்று வாக்கியத்தை எழுதும்போது தெரியாது. அதனால் ‘கடிதம்ஐ அழிக்கவா?’ என்பது போன்ற விந்தை வாக்கியங்கள் திரையில் தோன்றுகின்றன.

இதற்கு அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட வழி ‘என்னும்’ என்ற சொல். ‘கடிதம் என்னும் கோப்பை அழிக்கவா?’ என்று எழுதினால் உருபு கோப்பு என்பதோடு ஒட்டிக்கொள்ளும். முன்னே எப்பெயர் வந்தாலும் வாக்கியம் குலையாது. ‘முருகன் என்னும் பயனருக்கு’, ‘மாலதி என்னும் பயனருக்கு’ என்று இதே முறையை விரிக்கலாம்.

மற்றோர் இடத்தில் தமிழின் அமைப்பே மென்பொருளுக்கு உதவுகிறது. ஒருவர் வந்து சேர்ந்தார் என்னும் செய்தியை நிரல் காட்ட வேண்டும். அவர் ஆணா பெண்ணா என்பது அதற்குத் தெரியாது. இந்தியில் மதிப்புப் பன்மையிலும் ஆணுக்கு ‘ஆயே’ என்றும் பெண்ணுக்கு ‘ஆயீன்’ என்றும் வினை வேறுபடும். தமிழில் ‘வந்தார்’ என்னும் உயர்வுப் பன்மை இருபாலார்க்கும் பொருந்தும். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, பால்வழுவும் நேரவில்லை.

8. பிறமொழிப் பெயர்களும் மறைந்திருக்கும் பிழைகளும்

விண்டோஸ், லினக்ஸ், ஃபயர்பாக்ஸ் முதலியன நிறுவனங்களும் குழுக்களும் இட்ட பெயர்கள். இவற்றை மொழிபெயர்த்தல் கூடாது, ஒலிபெயர்த்தலே முறை. ஒலிபெயர்க்கும்போதும் தமிழின் இயல்பைக் கருத வேண்டும். மெய்யெழுத்துச் சொல்லின் முதலில் வாராது. எனவே ‘ப்ளூடூத்’ என்பதினும் ‘புளூடூத்’ என்பது தமிழ் நாவுக்கு இயைந்தது. எவ்வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு கட்டுரை முழுவதும் அதே வடிவத்தை எழுத வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத பிழைகளும் உண்டு. ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஔகாரம் தனியெழுத்து, அதற்குத் தனியெண் உண்டு. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதினாலும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு. அவ்வாறு எழுதப்பட்ட ‘ஒளவையார்’ அகரவரிசையில் ஒகரத்தின் கீழ்ச் சென்று நிற்பார். ‘ஔவையார்’ என்று தேடுபவர்க்குக் கிடைக்கமாட்டார். துணைக்காலின்மேல் புள்ளியிட்டு ‘ர்’ போலத் தோன்றச் செய்வதும், ககரத்துக்கு மாற்றாக ‘௧’ என்னும் தமிழ் எண்ணை இடுவதும் இத்தகையனவே. தோற்றத்தில் ஒன்றாயினும் உள்ளே வேறான எழுத்துகளை அறிந்து தட்டுவது இக்காலத்துக்குரிய புதிய எழுத்துப்பயிற்சி.

நம் பங்கு

மாணவர்களே! நீங்கள் தில்லியிலோ புனேயிலோ குவாகாட்டியிலோ இருந்து தமிழைப் படிக்கிறீர்கள். தெருவில் தமிழ்ப் பலகை இல்லை. கடையில் தமிழ்ப் பேச்சு இல்லை. ஆனால் உங்கள் கைப்பேசியின் திரையில் தமிழ் இருக்க முடியும். அங்கே காணும் சொற்களைக் கூர்ந்து படியுங்கள். பல கட்டற்ற மென்பொருள்களின் மொழிபெயர்ப்பைத் தன்னார்வலர்களே செய்கின்றனர். பிழையைக் கண்டால் தெரிவிக்க வழியும் வைத்திருக்கின்றனர். இரண்டு மூன்று மொழிகளில் பழகும் உங்களுக்கு, ஒரு சொல் மொழிக்கு மொழி எப்படி மாறுகிறது என்பதை ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு இயல்பாகவே உண்டு. வகுப்பில் கற்கும் புணர்ச்சி விதி தேர்வுத்தாளோடு முடிவதன்று. ஊரிலிருக்கும் ஒரு முதியவர், எவரையும் கேளாமல் தம் திரையைத் தாமே படித்துப் புரிந்துகொள்ள அது உதவும்.

அருஞ்சொற்பொருள்

கடவு – கடந்து செல்லும் வழி
நிரல் – வரிசை; கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
வழு – பிழை
வருடுதல் – மெல்லத் தடவுதல்
மயக்கம் – தெளிவின்மை
உள்ளிடுதல் – கணினிக்குள் செலுத்துதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மின்னூல்
2. கோப்புறை
3. குறுந்தகடு
4. பதிவேற்றம்
5. சொற்செயலி

ஆ. பிழை நீக்கி எழுதுக.
1. கவிதா கணிணியில் புதிய கோப்புரை ஒன்றை உருவாக்கினாள்.
2. தேடுப்பொறியில் சொல்லை உள்ளிட்டான்.
3. உங்கள் கடவுசொல்லை எவரிடமும் கூறாதீர்.

இ. தன்வினையைப் பிறவினையாக மாற்றுக.
1. நிரல் இயங்கியது.
2. எழுத்துரு மாறியது.
3. பிழை திருந்தியது.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘தேடுபொறி’யில் வல்லினம் மிகாமைக்குக் காரணம் யாது?
2. இலவச மென்பொருளுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பொத்தானில் ஏவல் ஒருமை பொருந்துவது ஏன்?

உ. விரிவாக விடை எழுதுக.
1. கலைச்சொல் உருவாகும் மூன்று வழிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. வழு, வழுவமைதி ஆகியவற்றை மென்பொருள் கலைச்சொற்களுக்குப் பொருத்திக் காட்டுக.

ஊ. செயல்திட்டம்
உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றின் மொழியைப் பெற்றோர் இசைவுடன் ஒருநாள் தமிழுக்கு மாற்றுக. திரையில் காணும் சொற்களுள் பத்தைத் தொகுத்து, எளிதில் விளங்கியவை, விளங்காதவை என இரு பட்டியலாக எழுதுக. விளங்காத சொற்களுக்கு மாற்றுச் சொல் ஒன்றைப் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.